பதினாறாம் சீட்டு

சுப்ரஜா போனை மறுபடியும் துண்டித்தாள். கல்யாண மண்டபத்துப் படிக்கட்டில் ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்த ஞானாம்பாள் அதையும் எண்ணி வைத்திருந்தாள். காலையிலிருந்து ஆறாவது தடவை.

"அந்தப் பையனாத்தான் இருக்கும். வெள்ளத்துலயும் விடமாட்டேங்கறான் பாரு," என்றாள் பக்கத்தில் இருந்த முனியம்மாவிடம். எந்தப் பையன் என்று ஞானாம்பாளுக்கும் தெரியாது.

இரும்புலியூரில் ஏரி உடைந்து மூன்று தெரு மூழ்கிக் கிடக்க, வந்திருந்தது ஒரே ஒரு மீன்படகு. கல்லூரியில் மாணவர் தலைவியான சுப்ரஜாதான் நோட்டும் கையுமாக நின்றாள். போன் வந்தால் கதவு எண், எத்தனை பேர், நடக்க முடியுமா என்று கேட்டு எழுதுவாள். சீட்டைக் கிழித்து வரிசைப்படி படகோட்டி சவுரிமுத்துவிடம் கொடுப்பாள். நடக்க முடியாதவர்கள் முதலில். அது அவளே போட்ட சட்டம்.

ஞானாம்பாள்கூட முட்டிவலி, ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை என்று போனில் அழுது மூன்றாம் சீட்டில் வந்தவள்தான். வந்ததிலிருந்து காபிக்காக இரண்டு தடவை மாடி ஏறி இறங்கியாயிற்று.

"சட்டமெல்லாம் நமக்குத்தான்," என்றாள் முனியம்மா. "போன வெள்ளத்துல இன்னா ஆச்சு? அசோசியேஷன் செக்ரட்டரி வூட்டு வாஷிங் மெஷின்தான் மொத போட்ல வந்துச்சு. நாங்க மொட்ட மாடில நனைஞ்சிகினு கெடந்தோம்."

"இவ மட்டும் என்ன? அவங்கப்பாவை விடியும்போதே மொத படகுல ஏத்தி அனுப்பிட்டா. நானே பார்த்தேன்," என்றாள் ஞானாம்பாள்.

விடியும்போது ஞானாம்பாள் தன் வீட்டு மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கண்ணை இறுக மூடிக்கொண்டு ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞானாம்பாளுடையது மெதுவாகப் பேசிப் பழகிய குரலல்ல. சுப்ரஜா ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு நோட்டில் குனிந்துகொண்டாள்.

போன் ஏழாவது தடவை அடித்தது. இம்முறை எடுத்தாள். கதவு எண் கேட்கவில்லை. எத்தனை பேர் என்றும் கேட்கவில்லை. "வரிசைப்படிதான் வரும். சார்ஜ் போயிடும், வைங்க," என்று மட்டும் சொன்னாள்.

"திமிரப் பாத்தியா!" என்றாள் முனியம்மா.

பிறகும் போன்கள் வந்துகொண்டுதான் இருந்தன. துண்டிக்க வேண்டிய போன் மட்டும் வரவில்லை.

"கோவிச்சுக்கிட்டான் போலிருக்கு," என்று சிரித்தாள் ஞானாம்பாள்.

மூன்று மணிக்கு, ஏரித் தண்ணீர் இன்னும் இரண்டு படி ஏறியபோது, சவுரிமுத்து கடைசியான பதினாறாம் சீட்டோடு போனான். வெறும் படகோடு திரும்பினான். வந்தவன் உடனே இறங்கவில்லை.

"பாப்பா... தண்ணி ஜன்னல முழுங்கிட்டு கீது. கதவ ஒடச்சிகினு உள்ள போனேன். கட்டில்லயே..." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஐயோ, யார் வீடுப்பா அது?" என்று ஞானாம்பாள் எழுந்தாள். முட்டி ஒன்றும் வலித்ததாகத் தெரியவில்லை.

சவுரிமுத்து நனைந்த சீட்டைப் பிரித்தான். "ஒருத்தர், கால்ல மாவுக்கட்டு, நடக்க முடியாதுன்னு நீதானே எழுதிகீறே? மொதல்ல அனுப்ப வேண்டியவர ஏம்மா கடைசில போட்டே?"

சுப்ரஜா படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள்.

"அது எங்கப்பா, அண்ணா. மொதல்ல போட்டா இவங்க பேசுவாங்க."