விரல் படும் இடம்

அவள் கட்டைவிரல் தேடிக்கொண்டிருந்தது.

முன் இருக்கையில் உட்கார்ந்து, வலது கையை நீட்டி, டேஷ்போர்டின் நடுவில் இருந்த மீட்டர் தட்டைத் தடவினாள். மேலே. கீழே. மறுபடியும் மேலே.

கறுப்புப் பெயிண்டில் பொடிப்பொடியாகச் சுருக்கங்கள். தட்டு முழுக்க ஒரே சீர்.

கையை எடுத்துக்கொண்டாள்.

"இது நம்ம காடி இல்ல."

இறங்கினாள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பட்டறைச் சுவரோரம் போய் நின்றாள்.

டிரைவர் இருக்கையில் அவள் கணவர் வேதமாணிக்கம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

எஸ்தருக்குப் பிள்ளைகளின் பெயர்கள் மறந்துவிட்டன. சில காலைகளில் கணவரையே "சார்" என்கிறாள். இந்தக் கார் மட்டும் மறக்கவில்லை. வேறு எந்த வண்டியிலும் ஏறமாட்டாள். கிளினிக்குக்கும் இதுதான், சர்ச்சுக்கும் இதுதான்.

"நேத்துவரைக்கும் ஏறினா தம்பி," என்றார் அவர். குற்றம் சொல்லும் குரல் இல்லை. அதுதான், தட்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்த பட்டறைப் பையனுக்குத் தாங்கவில்லை.

ஊரிலிருந்து மலேசியாவின் ஈப்போவுக்கு வந்து அவன் தனியாக முடித்த முதல் வேலை அது. கையுறையைக் கழற்றக்கூட நேரமில்லாமல் போனைப் பார்த்துப் பேசியிருந்தான்.

'அக்கா, போட்டோ பாரு. அந்தக் காலத்துக் கம்பெனியே அடிச்ச மாதிரி இருக்கா? நானே அடிச்சது.'

சொன்னதை போன் எழுதி அனுப்பிவிட்டிருந்தது. அக்கா அதை மாமியாருக்குக் காட்டி, பக்கத்து வீட்டுக்கும் காட்டிவிட்டாள்.

இப்போது மறுபடியும் போனை வாயருகே வைத்தான்.

'அக்கா, தப்பு பண்ணிட்டேன்.'

எழுத்தாக வந்து நின்றது. அழித்தான்.

தட்டு முன்பு இருந்த விதம் நினைவில் இருந்தது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கம் தேய்ந்து, வழுவழுவென்று மின்னிய இடம். மற்ற தேய்மானங்களோடு அதையும் தேய்மானம் என்றே நினைத்தான். சுரண்டினான். நிரப்பினான். அந்த இடம் எது என்று யாருக்கும் தெரியாதபடி அடித்து முடித்ததில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

உப்புத்தாளை எடுத்தான். அந்த இடத்தை உத்தேசமாகத் தேய்த்தான். ஊதினான். துணியால் துடைத்தான்.

வேதமாணிக்கம் மனைவியைக் கூட்டி வந்தார்.

அவள் விரல் அங்கே போனது. நின்றது. பின்வாங்கியது.

"யாரோ சொரண்டி வெச்சிருக்காங்க."

மறுபடியும் சுவரோரம்.

"விடு தம்பி. டாக்ஸி சொல்லிப் பாக்குறேன்," என்றார் வேதமாணிக்கம். டாக்ஸியில் அவள் ஏறமாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும்.

அவன் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தான்.

பிறகு மீட்டர்களைக் கழற்றினான். தட்டை மட்டும் அதன் இடத்தில் திரும்ப மாட்டினான். சுற்றிலும் பேப்பர் ஒட்டினான். சூட்டில் சுருங்கிக் காயும் அந்தப் பெயிண்டைக் கனமாக அடித்தான், குறுக்கே, நெடுக்கே, மறுபடி குறுக்கே. சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் காட்டினான்.

முதலில் மேல்தோல் இறுகியது, பாலில் ஆடை படிவதுபோல. பிறகு அது உள்ளுக்குள் இழுத்துக்கொண்டது. ஒரு ஓரத்தில் சின்னச் சுருக்கம். அதன் பக்கத்தில் இன்னொன்று. தட்டு முழுக்கப் பரவியது.

ஹீட் கன்னை அணைத்தான். புறங்கையைத் தட்டருகே வைத்துப் பார்த்தான். சூடு இறங்கட்டும் என்று காத்திருந்தான்.

"அங்கிள், ஆன்ட்டிய இப்ப கூட்டிட்டு வாங்க. காயறதுக்குள்ள."

பட்டறையின் அந்தக் கோடியிலிருந்து முதலாளி தவமணி கத்தினார்.

"டேய்! ஈரத்துல கை வெச்சா தட்டே போச்சுலா! நான் உனக்கு மொதநாளே என்னா சொன்னேன்?"

"போகட்டும் பாஸ்."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவன் காதில் விழுந்தது.

எஸ்தர் வரமாட்டேன் என்றாள். வேதமாணிக்கம் அவளிடம் என்னவோ சொன்னார். மறுத்தாள். அவர் கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

உட்கார்ந்தாள். அவர் சுற்றி வந்து ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

எங்கே தொட வேண்டும் என்று அவன் காட்டவில்லை. உப்புத்தாளில் தேய்த்தபோது அவன்தான் இடத்தைத் தீர்மானித்தான். இப்போது தீர்மானிக்கவில்லை.

கை நீண்டது.

அவன் நினைத்திருந்த இடத்துக்கு ஒரு விரல் கீழே கட்டைவிரல் பதிந்தது. மற்ற விரல்கள் தட்டின் விளிம்புக்கு அடியில் போய்ப் பற்றிக்கொண்டன. இறுக்கமாக.

ஈரப் பெயிண்டில் சுருக்கங்கள் அவள் விரலுக்கடியில் அமிழ்ந்தன.

அவள் எடுக்கவில்லை.

தவமணி கதவருகே வந்து நின்றார்.

அவன் கையில் மண்ணெண்ணெயில் நனைத்த துணி இருந்தது. நீட்டவில்லை.

எஸ்தர் நேர் எதிரே, பட்டறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள்கள் மெல்லப் பின்னால் சாய்ந்தன. பாதங்கள் தரையை அழுத்தின.

"எத்தன தடவ சொல்றது உங்களுக்கு? மெதுவா போங்க," என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பிள்ளைங்க பின்னால தூங்குதுங்க."

இன்ஜின் ஓடவில்லை.

வேதமாணிக்கம் கண்ணாடியில் பின் இருக்கையை ஒருமுறை பார்த்தார். பிறகு, பிரேக்கை மெல்ல மிதித்தார்.