டியூஷன் சாரின் உதாரணம்

"ரயிலைப் போடுங்க, மழையைப் போடுங்க, என் கல்யாணத்த மட்டும் போர்டுல போடாதீங்கப்பா," என்று பிள்ளைகள் முன்னாலேயே கத்திவிட்டாள் டியூஷன் சார் மகள் தமயந்தி. இங்கிலீஷில் 'வென்' (when) வைத்து வாக்கியம் எழுதும் பாடம் வந்தால் சாருக்கு ஒரே உதாரணம்தான்: தமயந்திக்குக் கல்யாணம் ஆனதும் வீட்டுக்கு வெள்ளையடிப்போம். பதினோரு வருஷமாக அதுதான்.

"உதாரணம்தானேம்மா," என்றார் சார்.

சாக்பீஸ் சத்தம் கேட்டாலே அவள் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்வாள். அதை எழுதிப் படித்தவர்களில் ஏழு பேர் தங்கள் கல்யாணப் பத்திரிகையே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், தெருவுக்குத் தெரியாதா என்ன.

ஆடி முடிவதற்குள் ஓசூரில் வேலை என்று பெட்டியோடு போய்விட்டாள். இந்த வருஷம் அந்தப் பாடத்தன்று சார் போர்டில் எழுதினார்: தமயந்தி வந்ததும் சாப்பிடுவோம். பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்கள்.