செலீன் வீட்டுச் சிலந்திகள்

“செலீன் வீட்டிலை சப்பாத்தை உதறாமல் காலை வைக்கேலாது அம்மா. உள்ளுக்குச் சிலந்தி இருக்கும். முதுகிலை சிவப்புக் கோடு. கடிச்சால் ஆஸ்பத்திரிதான்!”

“மாதாவே!” என்றாள் மன்னாரில் போனைப் பிடித்திருந்த அம்மா.

மொன்றியல் புறநகர் ரொக்ஸ்பரோவில் இருந்து பேசிய இமெல்டாவுக்கு அந்தச் சொல் தேனாக இனித்தது.

இலங்கையில் சண்டை நின்ற சமாதானப் பேச்சுக் காலம். அம்மாவைக் கூப்பிட இரண்டு மகள்மாரும் தயார். மூத்தவள் இமெல்டா கனடாவின் மொன்றியலில், இளையவள் செலீன் ஒஸ்ரேலியாவின் சிட்னியில். எங்கே போவதென்று அம்மா இன்னும் வாய் திறக்கவில்லை.

செலீனுக்கு என்ன குறை? வளவோடு வீடு, இரண்டு கார், மூன்று பிள்ளைகள். எல்லாம் கிடைத்தவளுக்கு அம்மாவும் வேண்டுமாம்!

இமெல்டாவுக்கு டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாடு அடுக்கும் வேலை. பனிக்குள் நடந்து வந்து கதவைத் திறந்தால், ‘வந்திட்டியா’ என்று கேட்க ஈ எறும்பு இல்லை.

அதனால் சனிக்கிழமை நூலகம். அங்கே கம்ப்யூட்டரில் ஒஸ்ரேலியப் பூச்சி புழு எல்லாம் தேடுவாள். ஞாயிறு காலை போன்.

“தலையணைக்குக் கீழை பூரானம்மா. ஒரு சாண் நீளம்!”

“கட்டிலிலையோ?”

“ஒவ்வொரு நாளும்! எறும்பு கடிச்சே ஆக்கள் செத்திருக்கினம்.”

“செலீன் ஒண்டும் சொல்லேல்லையே…”

“சொல்லுவாளே? வீட்டுப் பெருமை போயிடுமெல்லோ!”

மூன்றாவது ஞாயிறு அம்மா சொன்னாள்: “பிள்ளை, நான் உன்னட்டையே வாறன்.”

அன்று பின்னேரமே இமெல்டா சிட்னிக்குப் போன் எடுத்தாள்.

“அம்மா என்னட்டைத்தான் வாறாவாம். உனக்குக் கவலைதான், என்ன செய்யிறது? சிலந்தி, பூரான் எண்டால் அவவுக்குச் சரியான பயமெல்லோ.”

செலீன் சிரித்துவிட்டாள். “அம்மாவுக்கோ? குண்டு விழேக்கை பங்கருக்குள்ளை பூரானைச் செருப்பாலை அடிச்சுப்போட்டுச் செபமாலையைத் தொடர்ந்து சொன்ன மனுசி, அக்கா!”

“அப்ப… ஏன் இஞ்சை வாறா?”

“நீங்கள் சொன்னதெல்லாம் அம்மா எனக்குச் சொன்னவ. என்னட்டை வாறதெண்டுதான் இருந்தவ. நான்தான் மறிச்சனான்.”

“நீயோ?”

“ஓம் அக்கா. ‘அக்கா இவ்வளவு பொய் சொல்லுறா எண்டால், எவ்வளவு தனிச்சுப்போய் இருப்பா? முதல் அவவிட்டைப் போங்கோ’ எண்டு சொன்னனான்.”