சொந்தப் பல்

நாட்டு மக்களின் மேலான கவனத்திற்கு: ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வரும் எண்ணற்ற மேடைகளின் தலைவருமான முனைவர் திருமேனிநாதன் அவர்களின் நாக்கில் பூஞ்சை மீண்டும் பூத்துவிட்டது. பூஞ்சை மாத்திரையை மூன்றாம் தடவையாகச் சப்பி முடித்தும் வெள்ளைப் படலம் போகவில்லை. ரசம் சாதம்கூட எரிகிறது.

“ராத்திரி பல்செட்டைக் கழட்டி ஊறவைக்கிறீங்களா சார்?” என்றார் டாக்டர். “வாயிலயே வச்சிருந்தா மருந்து கேக்காது. அதுல ஒட்டியிருக்கறது திரும்பத் திரும்ப வரும்.”

முதல்வர் பக்கத்து நாற்காலியிலிருந்த மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். “எந்தப் பல்செட்டு? எல்லாம் என் சொந்தப் பல்.”

டாக்டர் டார்ச்சை அணைத்தார். “சரி சார். அந்தச் சொந்தப் பல்லையே ராத்திரி கழட்டி வைங்க.”

வீட்டுக்கு வந்ததும் மனைவி சௌந்தரவல்லி ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, கட்டிலருகே ணங்கென்று வைத்தாள்.

“தாலி கட்டின பொண்டாட்டிகிட்ட என்னங்க மறைப்பு? உப்புக் காரமில்லாம கஞ்சி காய்ச்சிக் காய்ச்சி எனக்கே நாக்கு செத்துப்போச்சு. கழட்டிப் போடுங்க.”

முதல்வர் வாயை இறுக மூடிக்கொண்டார். அவள் பெருமூச்சு விட்டு, பீரோவுக்குள்ளிருந்து இன்னொரு கிண்ணத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

“இது என்னுது. காலையில மாத்தி மாட்டிடாதீங்க.”

அவள் பல்செட்டு மாட்டி ஆறு வருஷம் ஆகியிருந்தது.