பெயர்ப் பட்டியல்

காலை வெயில் துறைமுகத் தண்ணீரில் பட்டுத் தெறித்துக் கோயில் மண்டபத்தின் முகட்டில் நெளிகிறது. தெப்பத் திருவிழாவுக்குக் காவல் போடவிருக்கும் தனியார் நிறுவனத்தின் முகாமையாளர் ரஜீவன், மேசையில் வரைபடத்தை விரித்துக் கயிறு கட்டவேண்டிய இடங்களைக் குறித்துக்கொண்டிருக்கிறார். தொண்டர்களுக்குப் பொறுப்பான கௌசிகாவின் கண் அதில் இல்லை. ரஜீவனோடு வந்து, கதிரையைச் சுவரோரம் இழுத்துப்போட்டு உட்கார்ந்திருக்கும் ஆள்மேல் இருக்கிறது. அரை மணித்தியாலமாகிறது, அவர் யாரென்று ஒருவரும் சொல்லவில்லை. கொடுத்த தேநீரில் ஆடை படிந்துவிட்டது. "தொண்டர்மாரின்ர பேர், அடையாள அட்டை நம்பர், விலாசம் எல்லாம் வேணும் தங்கச்சி. பாஸ் அடிக்கத்தான்" என்கிறார் ரஜீவன். "பாஸுக்கு விலாசம் என்னத்துக்கு அண்ணை?" "மேலிடத்தில கேக்கினம்." அவள் பையிலிருந்து தொண்டர் பட்டியல் கோவையை எடுக்கிறாள். இன்னும் திறக்கவில்லை. சுவரோரத்து ஆள் முதல்முறையாக வாய் திறக்கிறார்: "கப்பல்துறையில இருக்கிற யுகேந்திரனும் இதில இருக்கிறார் என்ன?" காணாமற்போன தம்பியின் படத்தோடு வீதிப் போராட்டத்தில் நிற்கும் யுகேந்திரன், தொண்டுக்கு வருகிறேன் என்று அவளிடம் சொன்னது நேற்றுப் பின்னேரம்தான். தொலைபேசியில், அவளிடம் மட்டும். ரஜீவன் வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. வெளியே நாதஸ்வரக்காரர் சுருதி பார்க்கிறார். கௌசிகா கோவையை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் கோத்துக்கொள்கிறாள். "பாஸை வெறுமையா அடிச்சுத் தாங்கோ அண்ணை. பேரை நாங்களே எழுதிக்கொள்ளுறம்."