பொன்னாய் மின்னிய தண்ணீர்

மைசூரில் இரண்டு வருடமாகப் பொன்னம்மாவின் வாசலில் சாக்கடைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதை மிதித்துத்தான் தினமும் சித்தாள் வேலைக்குப் போனாள். மனு கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனது. அதிகாரி ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை.

"சாக்கடைய சும்மா வீடியோ எடுத்துக் காட்டுனா யாரு பாக்கறா? நான் சினிமா மாதிரி எடுத்துத் தர்றேன்க்கா" என்றான் கல்யாண வீடியோ எடுக்கும் பிரசாந்த்.

அவனிடம் இருந்தது விலை குறைந்த சின்னக் கேமராதான். சாயங்கால வெயிலுக்குக் காத்திருந்து, தரையோடு படுத்து, பின்னால் இருந்த வீடுகளெல்லாம் மங்கிப்போகும்படி எடுத்தான்.

"நாத்தம் இதுல வருமாடா?" என்றாள் பொன்னம்மா.

"அது ஒண்ணுதான்க்கா வராது."

மறுநாள் இருவரும் போன மாநகராட்சி அலுவலகத்தில், "மொதல்ல இதப் பாருங்க சார்" என்று போனை நீட்டினான். அதிகாரி மூன்று தடவை பார்த்தார். பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். பொன்னம்மா கொண்டுவந்த மனுவைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"தும்ப சென்னாகிதெ! ரொம்ப அழகும்மா. நம்ம மைசூருல இது எந்த ஏரி? குடும்பத்தோட போகணும்."

பிரசாந்தின் முகம் செத்துப்போனது. "சார், அது வந்து..." என்று இழுத்தவனின் காலைப் பொன்னம்மா மிதித்தாள். கையிலிருந்த மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்கிட்டதான் சார். ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்துருங்க. மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்டுலதான்."