எங்கள் வீட்டுப் பெண்

அன்று நைஜீரியாவின் பெனின் நகரக் காப்பகத்தில் இருந்தவர்கள்: குடும்பத் தலைவனான நான், என் தங்கை ஒமோசெடே, காப்பகம் நடத்தும் அடெசுவா, இத்தாலியில் உடம்பை விற்கத் தெருவில் நிறுத்தப்பட்டு மீட்கப்பட்ட என் தம்பி மகள் இசோகென்.

"காப்பகத்துக்குப் பணம் தர்றவங்க பாதியாக் குறைச்சிட்டாங்க, பெரியவரே. போக வீடு இருக்கிறவளை இங்க வச்சிருக்கக் கூடாதாம். 'ஏத்துக்க மாட்டோம்'னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, இவளை இங்கயே வச்சுக் காப்பாத்திடுறேன்" என்றாள் அடெசுவா.

"எங்க வீட்டுப் பொண்ணைத் தள்ளி வச்சோம்னு என் வாயால சொல்லணுமா?"

"வீட்டுக்கு வரப் பயப்படுறா."

"இளைச்சுட்டியேடி! வா, அத்தை உன்னைத் தேத்தி விடுறேன்" என்று ஒமோசெடே சிரித்தாள். இசோகென் அடெசுவாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

உறவை ஏற்பதன் அடையாளமாக எங்களவர் பகிர்ந்து தின்னும் கோலாக் கொட்டையை நான் உடைத்து ஒரு துண்டை நீட்டினேன். குடும்பத் தலைவன் கொடுத்தால் மறுக்கக் கூடாது. அழுதுகொண்டே தின்றாள். ஏற்றுக்கொண்டாகிவிட்டது.

அடுத்த மாதமே ஒமோசெடே அவளை லிபியா வழியாக மறுபடி இத்தாலிக்கு அனுப்பிவைத்தாள். முதல் தடவை அனுப்பியதில் வந்த பணத்தில் எங்கள் மாடி பாதிதான் எழும்பியிருந்தது.

இரண்டு தடவையும் வெளியார் யாரோ அவளைக் கடத்திவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு.

தவறு. எங்கள் குடும்ப விஷயத்தில் வெளியார் தலையிட்டதே இல்லை.